எதிர்ப்பக்கம் சாய்ந்த கம்பி

விமானம் ஓட்டுகிறவர்கள் பறப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். இறக்கை நுனியில் தொடங்கி, வாலைச் சுற்றி, மூக்கு வரைக்கும் வந்து, குனிந்தும் நிமிர்ந்தும் தடவியும் தட்டியும் ஒரு சுற்று. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள் கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சின்ன கேப்டன் அப்படித்தான் அன்று காலை தன் விமானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பயணிகள் பெட்டியும் பையுமாக நின்றார்கள். அவர்களில் தொப்பி போட்ட ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன கேப்டன், ஏதாவது தொலஞ்சு போச்சா? ரொம்ப நேரமா தேடுறீங்களே!"

"ஒண்ணும் கிடைக்கலன்னாதான் சார் கிளம்ப முடியும்," என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

அந்தக் கம்பெனிக்கு இருந்தவை இரண்டே விமானங்கள். இரண்டுமே சிறியவை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின்கள், ஒரு வேன் கொள்ளுமளவு ஆட்கள். கரையிலிருந்து தீவுகளுக்கும் தீவுகளிலிருந்து கரைக்கும் அவை நாள் முழுக்க ஓடும். ஒன்றை ஓட்டியவர் பெரிய கேப்டன். மற்றதை ஓட்டியவள் இவள். அவருடைய மனைவியின் தங்கை. அவர் இருக்கும்போது வேறு யாரும் கேப்டன் ஆக முடியாது என்பதால் இவள் சின்ன கேப்டன் ஆனாள். இரண்டு விமானங்களையும் பிரித்து, துடைத்து, பூட்டி, பறக்கத் தகுதியாக்கிக் கொடுத்தவள் அக்கா. "ஒரே வீட்டுல மூணு பேரு. ஆகாசத்தையே குத்தகைக்கு எடுத்துட்டீங்களா?" என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. அக்காவை மட்டும் எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள், அவளைவிட வயதில் மூத்த மேனேஜர் உட்பட.

அத்தான் விடிந்ததுமே முதல் நடை கிளம்பிப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் இவள் கிளம்பிவிட வேண்டும் என்பது மேனேஜரின் கணக்கு. கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பேச்சுக்குப் பேச்சு பார்ப்பவர் என்பதால் அவருக்கே கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சின்ன கேப்டன் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பெட்ரோலை வடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். டாங்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்திருந்தாலும் அது அடியில்தான் போய் உட்காரும். அடியிலிருந்து வடித்தால் காட்டிக்கொடுத்துவிடும். குவளை தெளிவாக இருந்தது. டயர், பிரேக், வாலின் கீல்கள் எல்லாம் சரி. கடைசியாக வலது இன்ஜினுக்கு வந்தாள்.

முன்தினம்தான் அதன் முன்னால் சுழலும் ப்ரொப்பெல்லர் பழுது பார்க்கப் போன இடத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. அக்கா அதைத் திரும்பப் பொருத்தியிருந்தாள். ப்ரொப்பெல்லரின் மூக்குக் கூம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி இருக்கும். அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், ப்ரொப்பெல்லரை இன்ஜினோடு பிடித்திருக்கும் ஆறு போல்ட்டுகளின் தலைகள் தெரியும். பெரும்பாலான விமானிகள் அங்கே பார்ப்பதில்லை. சின்ன கேப்டன் பார்ப்பாள். பாதுகாப்புக்காக என்று சொன்னால் பாதிதான் உண்மை. அக்கா கம்பி கட்டியிருக்கும் அழகைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும்.

அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓடுகிற இன்ஜின் அதிரும். அதிர்வுக்குத் தெரிந்த ஒரே தொழில், முடுக்கி வைத்த போல்ட்டை மயிரிழை மயிரிழையாகக் கழற்றுவது. அதைத் தடுக்க போல்ட்டுத் தலைகளிலேயே ஊசித்துளை போட்டிருப்பார்கள். இரண்டு இரண்டு போல்ட்டாகச் சேர்த்து, துளை வழியாக மெல்லிய எஃகுக் கம்பியை நுழைத்து, தலை பின்னுவது போல முறுக்கிக் கட்ட வேண்டும். வெறுமனே கட்டினால் போதாது. போல்ட்டு வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் திருகினால் தளரும். ஆகவே கம்பி, இடது போல்ட்டின் மேல் விளிம்பில் புறப்பட்டு, சாய்ந்து இறங்கி, வலது போல்ட்டின் கீழ் விளிம்பில் போய் முடிய வேண்டும். அப்போதுதான் இரண்டையும் இறுகுகிற பக்கமாகவே இழுத்துப் பிடிக்கும். ஒருவன் எழுந்திருக்கப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவன் இன்னும் அழுந்தி உட்காருவான். அவன் அழுந்த அழுந்த இவனும் எழ முடியாது. நட்டு, பசை, கணினி எதுவும் இல்லை. ஒரு முழம் கம்பி. அதை நம்பித்தான் அத்தனை பேர் கடலைத் தாண்டுகிறார்கள்.

டார்ச் வெளிச்சத்தில் கம்பி மின்னியது. முறுக்கு நெருக்கமாக, ஒரே சீராக இருந்தது. அக்கா வேலைதான் என்று நினைத்துக்கொண்டு டார்ச்சை அணைக்கப் போனாள். கை அணைக்கவில்லை.

என்னவோ உறுத்தியது. கண்ணாடியில் தினம் பார்க்கிற முகத்தைப் புகைப்படத்தில் பார்த்தால், அதே மூக்கு, அதே கண்ணாக இருந்தும் யாரோ மாதிரித் தோன்றுமே, அந்த உறுத்தல். மறுபடி குனிந்தாள். முறுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. கம்பியின் வால் முனை எதிர்ப்பக்கமாக மடிந்திருந்தது. கம்பி இடது போல்ட்டின் கீழ் விளிம்பில் புறப்பட்டு, மேலே ஏறி, வலது போல்ட்டின் மேல் விளிம்பில் முடிந்திருந்தது.

சாய்வு மாறினால் இழுப்பும் மாறும். இந்தக் கம்பி போல்ட்டுகளை இறுக்கிப் பிடிக்கவில்லை. தளர்கிற பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. வேலியே பயிரை மேய்ந்துகொண்டிருந்தது.

ப்ரொப்பெல்லரைக் கையால் மெல்லத் திருப்பி, அடுத்த ஜோடியைப் பார்த்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. அவசரத்தில் ஒன்று மாறிப்போயிற்று என்று சொல்ல முடியாது. யாரோ நிதானமாக உட்கார்ந்து, அழகாக, மூன்றையும் தப்பாகக் கட்டியிருக்கிறார்கள்.

அக்கா கட்டியிருக்க முடியாது. அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ராத்திரி யாராவது உள்ளே புகுந்து, அக்காவின் கம்பியை வெட்டிவிட்டு இதைக் கட்டினார்களா? கைபேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் வா. உடனே வா."

"என்னடி, டயர்ல ஆணி ஏறிடுச்சா?"

"வாயேன்."

விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய கொட்டகை எதிரிலேயே இருந்தது. அக்கா எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டையில், வலது கையைக் கால்சட்டைப் பையில் விட்டபடி நிதானமாக நடந்து வந்தாள். சின்ன கேப்டன் டார்ச்சை நீட்டினாள். அக்கா இடது கையால் வாங்கி, இடைவெளிக்குள் அடித்துப் பார்த்தாள்.

பார்த்தவள் நிமிரவே இல்லை.

"யாரு வேலைக்கா இது? நேத்து ராத்திரி யாராவது வந்தாங்களா? வாட்ச்மேன்கிட்ட கேட்டியா?"

அக்கா டார்ச்சை இன்னும் உள்ளே நீட்டினாள்.

"போலீஸுக்குச் சொல்லணும்க்கா. யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க. ஒண்ணு இல்ல, மூணு ஜோடி!"

"கத்தாதே," என்றாள் அக்கா. பிறகு இன்ஜினிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். "நான்தான்டி கட்டினேன்."

"விளையாடாதே."

"நான்தான். நேத்து சாயங்காலம். கட்டி முடிச்சுட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியா இருக்குன்னுதான் தோணுச்சு. எப்பவும் கட்டுற மாதிரிதானே கட்டினேன்..."

கொட்டகையில் அக்கா செய்ததை இன்னொரு மெக்கானிக் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று விதி. அவரும் நேற்று வந்து டார்ச் அடித்து, தலையாட்டிவிட்டுத்தான் போனார். அக்காவின் வேலையைச் சரிபார்ப்பது, சூரியன் கிழக்கே உதித்ததா என்று மொட்டை மாடி ஏறிப் பார்ப்பது போல. பார்த்த மாதிரி இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

அக்கா இடுப்பிலிருந்து குறடை உருவினாள். கம்பியை வெட்டி எடுக்கத்தான். பழக்க தோஷத்தில் வலது கை பையிலிருந்து வெளியே வந்து குறடைப் பிடித்தது. பிடித்த மாதிரிதான் இருந்தது. அடுத்த கணம் குறடு தரையில் விழுந்து ஓசையிட்டது. அக்கா தன் கையைப் பார்த்தாள், குறடு இன்னும் அதில்தான் இருக்கிறது என்று நினைத்தவள் போல.

சின்ன கேப்டன் குனிந்து குறடை எடுத்தாள்.

"மரத்துப் போகுதுடி," என்றாள் அக்கா. "கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். பிடிச்சிருக்கேனா விட்டேனான்னு எனக்கே தெரியறதில்ல. மழைக்காலத்துலேருந்து. அதான் இடது கையால பழகிக்கிட்டேன்."

இப்போது புரிந்தது. பென்சிலை இடது கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொன்னால், பல பேருடைய கை எழுத்தைத் தானாகவே எதிர்ப்புறமாகத் திருப்பி எழுதப் பார்க்கும். ஒரு கையில் ஊறிய வேலையை மறு கைக்கு மாற்றினால், அது கண்ணாடி பிம்பமாகத்தான் போய்ச் சேரும். முறுக்கு, மடிப்பு, சாய்வு எல்லாம் அக்காவுடையவைதான். எல்லாம் திரும்பியிருந்தன. அக்காவின் கண்ணுக்கு அது சரியாகவே தெரிந்திருக்கிறது. கட்டுகிற கைக்கு அது வழக்கமான ஓட்டமாகவே இருந்திருக்கும்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா என்ன சொல்வாருன்னு தெரியாதா? 'குறடைக் கீழ வைம்மா'ம்பாரு. வச்சுட்டு நான் என்ன பண்றது? வீட்டுல உக்காந்து உங்க ரெண்டு பேருக்கும் சட்டை இஸ்திரி போடவா?"

"அத்தானுக்காவது தெரியுமா?"

"அவருக்கா!" அக்கா சிரிக்கப் பார்த்தாள். "நான் முடி வெட்டிக்கிட்டாலே அடுத்த மாசம்தான் 'என்ன, முகம் மாறியிருக்கு'ம்பாரு."

அத்தான் என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் சின்ன கேப்டனுக்கு அது உறைத்தது. இரண்டு விமானங்களின் வலது ப்ரொப்பெல்லர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுது பார்க்கப் போய் வந்திருந்தன. நேற்று வந்தது இவளுடையது. அதற்கு முன்பே வந்துவிட்டது அத்தானுடையது.

பக்கத்தில் அவருடைய விமானம் நிற்கும் இடம் காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்ப் பொட்டு மட்டும்.

"அக்கா. அத்தானோட ப்ளேன்ல யார் போட்டது?"

அக்கா அந்தக் காலி இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது... அது கை நல்லா இருந்தப்போ போட்டது."

"நல்லா இருந்தப்போன்னா?"

"சில நாள் நல்லாத்தான் இருக்கும். காலையில சரியா இருக்கும், மத்தியானம் போயிடும்."

"எந்தக் கையால போட்டேன்னு கேக்கறேன்."

"தெரியலடி! தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? மேல நாலு போல்ட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. கீழ ரெண்டு... அப்போ பக்கத்துல காத்தடிக்கிற கம்ப்ரஸர் ஓடிக்கிட்டிருந்துச்சு."

"அதனால?"

அதனால் என்னவென்று சின்ன கேப்டனுக்குத் தெரியும். போல்ட்டை முடுக்கும் ரெஞ்ச்சுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவு வந்ததும் அது 'கிளிக்' என்று ஒரு சத்தம் போடும். கூடவே பிடியில் லேசாக ஒரு தளர்ச்சி, படி இறங்கும்போது கால் ஒரு விரற்கடை கூடுதலாக இறங்குவது போல. காதுக்கு ஒன்று, கைக்கு ஒன்று என இரண்டு சாட்சி. கம்ப்ரஸர் இரைச்சலில் காது போய்விடும். அப்புறம் கை ஒன்றுதான் சாட்சி.

"கிளிக் கேக்கல," என்றாள் அக்கா. "கையில வந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"வலது கையிலயா?"

கேட்டு முடிப்பதற்குள் சின்ன கேப்டன் ஓட ஆரம்பித்திருந்தாள்.

மேனேஜர் அறையில்தான் கம்பெனியின் ரேடியோ இருந்தது. கடிகாரம் நாற்காலியிலிருந்து எழுந்தார். "என்ன சின்ன கேப்டன், இன்னும் கிளம்பலையா? பயணிங்க என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க..." அவரைத் தள்ளிக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல் நீலமாக, ஒன்றும் தெரியாதது போலக் கிடந்தது. கூப்பிட்டாள். இரண்டாவது தடவையே பதில் வந்தது.

"சொல்லுங்க சின்ன கேப்டன்! கரை தெரியுது, இதோ வந்துட்டேன். பசி காதை அடைக்குது. உங்க அக்கா டப்பாவுல ஏதாவது மிச்சம் வச்சிருக்காளா?"

உயிரோடு இருக்கிற குரல். என்ன சொல்வது? இந்த அலைவரிசையை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார். அக்காவின் பெயர் ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போகாது. அவரைப் பதமாக, ஆடாமல் அசையாமல் இறக்கிவிட்டால் போதும். மற்றதைத் தரையில் பேசிக்கொள்ளலாம். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"அத்தான், அவசரமில்லாம மெதுவா வாங்க. ஓடுபாதையில ஆடு நிக்குது. ஓட்டிக்கிட்டு இருக்காங்க."

"ஆடா? எந்த மடையன் விட்டான்? சரி சரி. அப்போ ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். பவர் குடுத்து மேல ஏறிக்கறேன்."

பொய் சொன்னால் கேட்கிறவர் அந்தப் பொய்க்குச் சரியானதைச் செய்வார். ஓடுபாதை அடைத்திருந்தால் விமானி லீவர்களை முழுக்க முன்னால் தள்ளி, இன்ஜின்களை முழு வேகத்தில் ஓட்டி, மேலே ஏறுவார். அரைகுறையாய்ப் பிடித்துக்கொண்டிருக்கும் போல்ட்டுகள் மேல் முழுப் பாரத்தையும் ஒரே நொடியில் தூக்கிப் போடுவதற்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது. அவள் மறுபடி மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து மைக்கைப் பிடுங்கியது. இடது கை.

"என்னங்க, நான் பேசறேன். லீவர்லேருந்து கையை எடுங்க. எதையும் முன்னால தள்ளாதீங்க."

"என்ன... நீயா? ரேடியோவுல நீ என்ன பண்றே?"

"ஆடும் இல்ல மாடும் இல்ல. உங்க வலது ப்ரொப்பெல்லர் போல்ட்டு சரியா முடுக்கல. கீழ ரெண்டு. மத்த நாலையும் நம்பாதீங்க. கம்பியும் தப்பா இருக்கலாம்."

ரேடியோவில் வெறும் இரைச்சல். மேனேஜர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"யார் போட்டது?" என்று கேட்டார் அத்தான்.

"நான்."

பிறகு அவருடைய குரல் வந்தது. அதில் பசியும் இல்லை, கேலியும் இல்லை. சின்ன கேப்டன் கேட்டிராத குரல்.

"சரி. இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லு."

"வலதை நிறுத்திடுங்க. பவரை ஒரேயடியா இழுக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. இலையைத் திருப்பி நிறுத்துங்க. சுத்தாத வரைக்கும் அது கழண்டு வராது."

ஓடாத இன்ஜினின் ப்ரொப்பெல்லரைக் காற்று சும்மா விடாது. காற்றாடியைப் போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் அதன் இலைகளை, கத்தியின் கூர்ப்பக்கத்தைக் காட்டுவது போல, காற்றை நோக்கி விளிம்பாகத் திருப்பிவிட வழி வைத்திருக்கிறார்கள். திருப்பினால் காற்று இரு பக்கமும் வழிந்து போய்விடும், ப்ரொப்பெல்லர் நின்றுவிடும். அத்தான் அதைச் செய்துகொண்டிருந்தார். என்ன செய்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. மூன்று பேரும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

கடலுக்கு மேலே ஒரு புள்ளி. புள்ளிக்கு இறக்கை முளைத்தது. விமானம் ஒரு தோளைச் சாய்த்தபடி, நொண்டிக்கொண்டு வருவது போல வந்தது. இடது பக்கம் மட்டும் வட்டமாகப் பளபளத்தது. வலது பக்கம் இலைகள் அசையாமல் நின்றன. அசையாமல் நிற்கும் ப்ரொப்பெல்லரை வானத்தில் பார்ப்பது, நடந்து போகிற ஆளின் கண் மூடியிருப்பதைப் பார்ப்பது போல இருந்தது. சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டன. புகை கிளம்பியது. நின்றது.

கதவு திறந்ததும் பயணிகள் இறங்கினார்கள். ஒருவர், "ஒரு பக்கம் ஃபேன் நின்னு போச்சே, கவனிச்சீங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டே போனார். கடைசியாக ஒரு பெண், தோளில் தூங்கும் கைக்குழந்தையோடு, படியில் கால் வைக்கப் பயந்து பயந்து இறங்கினாள். அத்தான் அவளுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டார். அப்புறம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சின்ன கேப்டன் வலது இன்ஜினுக்குப் போனாள். இடைவெளிக்குள் டார்ச் அடித்தாள். மேலே இரண்டு ஜோடிகளிலும் கம்பி சரியாக, அக்காவின் சாய்வில் இருந்தது. கீழ் ஜோடியின் கம்பி எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அதில் பாதி முறுக்கு அறுந்து, நுனிகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. விரலை உள்ளே விட்டு போல்ட்டின் தலையைத் தொட்டாள். வெந்நீர்ச் செம்பைத் தொட்ட மாதிரி சுட்டது. திருப்பினாள்.

திரும்பியது.

ரெஞ்ச் இல்லாமல், குறடு இல்லாமல், ஜாடியின் மூடியைத் திருப்புவது போல, ஒரே விரலுக்கு அது திரும்பியது. பக்கத்துப் போல்ட்டும் அப்படித்தான். சின்ன கேப்டன் கையை வெளியே இழுத்துக்கொண்டாள்.

"திரும்புதா?" என்று கேட்டாள் அக்கா. அவள் தள்ளியே நின்றாள். கிட்டே வந்து தொட்டுப் பார்க்கலாம். தொட்டுப் பார்த்தும் அவளுக்குத் தெரியாது.

"திரும்புதுக்கா. விரலுக்கே திரும்புது."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கைக்கடிகாரத்தின் பக்கம் போன பார்வையைப் பாதியிலேயே திருப்பிக்கொண்டார்.

அக்கா அவரிடம் வந்தாள். "ரெண்டு ப்ளேனையும் நிறுத்துங்க. வெளியூர்லேருந்து வேற மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. மழைக்காலத்துலேருந்து நான் தொட்டதையெல்லாம் பிரிச்சுப் பாக்கணும். பிரேக், வால் கேபிள், எல்லாம். எங்கெங்க தொட்டேன்னு நான் காட்டறேன். அதிகாரிங்களுக்கும் நீங்க சொல்ல வேணாம், நானே சொல்லிக்கறேன்."

"அக்கா... நல்லா யோசிச்சுட்டு..." என்றார் மேனேஜர்.

"யோசிச்சு யோசிச்சுத்தான் இங்க வந்து நிக்குது."

வேலிப் பக்கமிருந்து தொப்பிக்காரரின் குரல் கேட்டது. "கேப்டன்! நாங்க எப்பதான் கிளம்பறது?"

"இன்னைக்கு இல்ல சார்," என்றாள் சின்ன கேப்டன். தன் குரல் எங்கிருந்தோ வருவது போல அவளுக்குக் கேட்டது. "படகு இருக்கு. படகுல போங்க."

அத்தான் படியிலிருந்து எழுந்து வந்தார். டார்ச்சை வாங்கிக் குனிந்து பார்த்தார். விரலை விட்டு அவரும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று சின்ன கேப்டன் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"அந்தக் குழந்தை என் பின் சீட்டுலதான் இருந்துச்சு," என்றார் அத்தான். "வழி முழுக்க குறட்டை விட்டுச்சு."

"தெரியும்," என்றாள் அக்கா.

"என்ன தெரியும்?" அவர் குரல் முதல்தடவையாக உயர்ந்தது. "எனக்கு என்ன தெரிஞ்சுது? ஒரே தட்டுல சாப்பிடறோம். ஒரே கூரைக்குக் கீழ தூங்கறோம். நீ எந்தக் கையால சோறு போடுறேன்னுகூட நான் பாக்கல." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "கையைக் குடு."

"எதுக்கு?"

"குடுன்னா."

அக்கா வலது கையை நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, கட்டைவிரலை அழுத்தினார். "தெரியுதா?"

"இல்ல."

ஆள்காட்டி விரல். "இது?"

"இல்ல."

நடுவிரலை நகம் பதியும்படி அழுத்தினார். அக்கா தலையை ஆட்டினாள். அவர் கையைத் திருப்பி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் உள்பக்கம், எண்ணெய்க் கறுப்புக்கு நடுவே, நீளமாக ஒரு வெட்டு. கம்பி கிழித்தது. ஆழமானது. இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்கும். ஓரமெல்லாம் வீங்கிச் சீழ் கோத்திருந்தது.

"இது எப்போ பட்டுச்சு?" என்று கேட்டார்.

அக்கா குனிந்து, அந்த வெட்டை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க பட்டுச்சு?" என்றாள்.